எல்லாருக்கும் வெறுங்கால்

எங்கள் முதலாளி நல்லவர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் சொல்லப்போவதைக் கேட்டு யாரும் அவரைக் கெட்டவர் என்று நினைத்துவிடக் கூடாது. கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபம். மூஞ்சிக்கு நேராக நாலு வார்த்தை கேட்டுவிட்டு அடுத்த கடைக்குப் போயிருப்பேன். நல்லவரிடம் மாட்டிக்கொண்டால்தான் தப்பிக்க வழியே இருக்காது.

செஞ்சி பஜாரில் அவர்கள் குடும்பத்துக்குத் தலைமுறை தலைமுறையாக ஜவுளிக்கடை. வல்லம் பக்கத்து ஜனங்களும் தொண்டூர் பக்கத்து ஜனங்களும் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, விற்ற கையோடு நேராக எங்கள் கடைக்குத்தான் வருவார்கள். ஆவணியிலும் தையிலும் கல்யாண ஜவுளி எடுக்க ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்து இறங்குவார்கள். பெண்ணுக்குப் பிடித்த புடவை மாமியாருக்குப் பிடிக்காது, மாமியார் எடுத்தது பெண்ணின் அக்காவுக்குப் பிடிக்காது. அந்தக் கூட்டத்தின் நடுவே உட்கார்ந்து, எல்லோரும் ஒன்றாகத் தலையாட்டுகிற ஒரு புடவையை எடுத்துப் போடுவது எனக்குப் பிடித்த வேலை. புடவைப் பகுதியை விட்டால் வேறு எங்கேயும் எனக்கு மனசு ஒட்டாது.

முதலாளிக்கு ஒரு கொள்கை உண்டு: எல்லாருக்கும் ஒரே மாதிரி. அவருடைய அப்பா காலத்தில் சொந்தக்காரப் பையன்களுக்கு ஒரு நியாயம், மற்றவர்களுக்கு ஒரு நியாயம் என்று இருந்ததாம். அதைப் பார்த்து வெறுத்துப்போய்த்தான், தான் கல்லாவில் உட்கார்ந்தால் ஒருவருக்கும் ஓரவஞ்சனை செய்வதில்லை என்று முடிவு செய்தாராம். நல்ல முடிவுதான், யார் இல்லையென்றது? ஆனால் அதை அவர் பிடித்துக்கொண்ட பிடி இருக்கிறதே, அதைத்தான் சொல்ல வருகிறேன்.

தீபாவளிக்கு எங்கள் எல்லோருக்கும் ஒரே நிறத்தில், ஒரே கரையில் புடவை. ஒரு வருடம் கத்தரிப்பூ நிறம். மறுநாள் அதைக் கட்டிக்கொண்டு நாங்கள் மொத்தமாகப் பஸ் ஸ்டாண்டில் நின்றால், கண்டக்டர் எட்டிப் பார்த்து, "இன்னா, மாநாடா?" என்று கேட்டார். டீ வந்தால் எல்லோருக்கும் ஒரே அளவு சர்க்கரை. எங்கள் பகுதியிலேயே பழைய ஆளான அக்காவுக்குச் சுகர். அவளுக்கும் பாயசம் மாதிரி அதே டீதான். சுகர் முதலாளிக்கும் உண்டு. அவரும் அதே டீயைத்தான் குடிப்பார். "நான் மட்டும் சக்கர இல்லாம தனியா போட்டுக் குடிச்சா நல்லாவா இருக்கும்?" என்பார். ஃபேனுக்கு நேர் கீழே உள்ள இடம் எல்லாருக்கும் கிடைக்க வேண்டும் என்று வாரா வாரம் எங்களை இடம் மாற்றி உட்கார வைப்பார். சளி பிடித்தவளுக்கும் ஃபேன் முறை வந்தால் வந்ததுதான்.

கடையில் நிற்கிறவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று சட்டம் வந்தபோது, பஜாரிலேயே முதலில் வாங்கிப் போட்டவர் அவர்தான். சிவப்பு பிளாஸ்டிக் முக்காலிகள், எல்லாம் ஒரே உயரம். அதில் உட்கார்ந்தால் என்னால் எழுந்திருக்க முடியாது. அக்கா வந்து கையைப் பிடித்து இழுத்து நிறுத்த வேண்டும். கொஞ்சம் உயரமாக ஒன்று இருந்தால் நல்லது என்றேன். "அப்ப எல்லாருக்கும் ஒசரமா வாங்கணுமேம்மா. அக்கா குள்ளம், அதுக்குக் கால் எட்டாதே" என்று உண்மையிலேயே கவலைப்பட்டார்.

இப்போது என் காலைப் பற்றிச் சொல்ல வேண்டும். சின்னக் குழந்தையாக இருந்தபோது போலியோ வந்து வலது கால் சூம்பிவிட்டது. நைனா என்னைத் தூக்கிக்கொண்டு எந்த ஊரில் முகாம் என்றாலும் போய் நின்று, கடைசியில் ஒரு காலிப்பர் வாங்கிக் கொடுத்தார். அது தொடையிலிருந்து பாதம் வரைக்கும் காலின் இரண்டு பக்கமும் ஓடுகிற இரும்புப் பட்டை. தோல் வார் போட்டு இறுக்கிக்கொள்ள வேண்டும். முட்டிக்குப் பக்கத்தில் ஒரு பூட்டு உண்டு. நிற்கும்போது பூட்டினால் கால் மடங்காது, உட்காரும்போது தூக்கிவிட்டால் மடங்கும். எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு பூட்ஸ். காலிப்பரும் பூட்ஸும் ஒரே உடம்பு. ஒன்றை விட்டு ஒன்றைக் கழற்ற முடியாது. அதைப் போட்டுக்கொண்டால் நான் பஸ் படி ஏறுவேன், வயல் வரப்பில் நடப்பேன். வெளியூர்ச் சொந்தக்காரர்கள் கோட்டை பார்க்க வந்தால் வேங்கடரமணர் கோயில் வரைக்கும் கூடவே போய்விட்டு வருவேன்.

எங்கள் கடை வாசலில் ஒரு பலகை உண்டு: காலணிகளை வெளியே விடவும். பஜாரில் பல ஜவுளிக்கடைகளில் இது வழக்கம்தான். உள்ளே தரை முழுக்க மெத்தை, அதன் மேல் வெள்ளை விரிப்பு. அந்த விரிப்பில்தான் முகூர்த்தப் பட்டுப்புடவையை விரித்துப் போடுவோம். காலையில் கடை திறந்ததும் முதலாளி அந்த மெத்தையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். அங்கே செருப்புக் காலோடு வருவது சாமி அறைக்குள் வருவது போலத்தான்.

வேலைக்குச் சேர்ந்த அன்று வாசலில் அந்தப் பலகையைப் பார்த்துவிட்டு நின்றேன். உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார் முதலாளி. என் காலைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார்.

"கழட்டிட்டு வந்துடும்மா. எல்லாருக்கும் அதான் இங்க."

படியில் உட்கார்ந்து வாரை அவிழ்த்து, காலிப்பரைக் கழற்றி, மற்றவர்களின் செருப்புகளுக்கு நடுவில் வைத்தேன். பஜாரில் போகிறவர்கள் எல்லோரும் அதைத்தான் பார்த்தார்கள். முதல் நாள் முதலாளியிடம் வாதம் செய்ய யாருக்கு வாய் வரும்?

காலிப்பர் இல்லாவிட்டால் என் முட்டி நிற்காது. வலது கையைத் தொடையில் ஊன்றி, காலைப் பின்னுக்குத் தள்ளிப் பிடித்துக்கொண்டுதான் ஒவ்வொரு அடியும் வைக்க வேண்டும். அதுவும் மெத்தை மேல். ஆக, புடவை எடுக்க எனக்கு மிஞ்சியது ஒரு கை. ஒரு கையால் அடுக்கிலிருந்து உருவி, அதே கையால் தோளில் போட்டு, குனிந்தபடியே கொண்டுவந்து போடுவேன். உட்கார்ந்துவிட்டால் நான் ராணி. எழுந்துவிட்டால் தரையைத் தவிர எதையும் பார்க்க முடியாது. வருடக்கணக்கில் இப்படித்தான் ஓட்டினேன். சாயந்திரம் வாசலுக்கு வந்து காலிப்பரை மாட்டும்போதெல்லாம் இடுப்பு விட்டுப்போய்விடும்.

ஒரு தை மாதம், பனமலையிலிருந்து ஒரு கல்யாண கோஷ்டி. தோளில் ஒரு கத்தைப் பட்டுப் புடவையோடு வரும்போது விரிப்பின் மடிப்பில் கால் மாட்டி விழுந்துவிட்டேன். புடவைக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்கும் முழங்கையில் சிராய்ப்புதான். ஆனால் கல்யாணப் பெண்ணின் பாட்டி, "ஐயையோ, சகுனம்" என்று எழுந்துவிட்டாள். கோஷ்டி மொத்தமும் அவளுக்குப் பின்னால் போய்விட்டது.

முதலாளி என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. சாயந்திரம் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னார்.

"நீ பின்னாடி ஃபால்ஸ் அடிக்கிற மூலைக்குப் போயிடும்மா. உக்காந்த எடத்துல வேல. சம்பளம் அதேதான், ஒண்ணும் கொறைக்க மாட்டேன். இந்த வருசம் போவட்டும், அடுத்த தைக்குள்ள மாத்திக்கலாம்."

பின்னால் படிக்கட்டுக்கு அடியில் ஒரு தையல் மெஷின், ஒரு குண்டு பல்பு. யாரும் வரமாட்டார்கள். யாரோ எடுத்த புடவைக்குக் கீழே துணி வைத்துத் தைப்பதுதான் வேலை.

"மொதலாளி, நான் விழுந்தது கால் இல்லாததால இல்ல. கால் வெளியில இருக்குது, அதால" என்றேன். "என் வூட்டுல பழைய காலிப்பர் ஒண்ணு இருக்குது. பஸ் ஸ்டாண்டு பக்கத்துல செருப்பு தைக்கிறவருகிட்ட குடுத்து அதுக்குப் புது அடி போட்டுக்கிறேன். அத தெருவுலயே போட மாட்டேன். கடைக்குள்ளயே வச்சிருப்பேன், கடைக்குள்ள மட்டும் போட்டுக்குவேன். மண்ணே படாது. உங்களுக்கு ஒரு செலவும் இல்ல."

அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். பிறகு அந்தப் பாழாய்ப்போன கேள்வியைக் கேட்டார்.

"உனக்கு மட்டும்னா எப்படிம்மா? மத்தவங்க கேப்பாங்களே?"

அதற்கு முந்தின வருடம் காக்கி உடுப்பில் ஒரு பெரிய அதிகாரி வீட்டம்மாவுக்குப் புடவை எடுக்க வந்தபோது, அவரையே பூட்ஸைக் கழற்ற வைத்தவர் இவர். அவருடைய சாக்ஸில் ஓட்டை, கட்டைவிரல் வெளியே எட்டிப் பார்த்தது. பாவம், காலை மடக்கி மறைத்துக்கொண்டே புடவை எடுத்தார். அதையும் எனக்கு எடுத்துச் சொன்னார் முதலாளி. "அவருக்கே விடல. உனக்கு விட்டா ஞாயமா?" அதிகாரிக்குப் பூட்ஸைக் கழற்றினால் ஓட்டைச் சாக்ஸ் தெரியும். எனக்குக் கழற்றினால் காலே போய்விடும். இரண்டும் ஒன்றா? இதை எப்படித்தான் புரியவைப்பது? சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

ஆனால் மனுஷனுக்கு அன்றைக்குத் தூக்கம் வரவில்லையாம். மறுநாள் காலையில் எல்லோரையும் நிற்கவைத்து, ஏதோ பெரிய மனசு பண்ணியவர் போல அறிவித்தார்: இனிமேல் கடைக்குள் எல்லோரும் செருப்புப் போட்டுக்கொள்ள வேண்டும். போடலாம் என்றில்லை. போட வேண்டும். ஒருத்தி போட்டு ஒருத்தி போடாமல் இருந்தால் பேதம் ஆகிவிடுமாம். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

அக்கா செருப்புக் காலோடு மெத்தையில் ஏறவே கூசினாள். செருப்போடு சம்மணம் போட்டு உட்கார முடியாமல் ஆளாளுக்கு நெளிந்தார்கள். மத்தியானம் ஒரு மழை வந்தது. பஜார் சேறு முழுக்க வெள்ளை விரிப்பில் பூப்பூவாக அச்சு விழுந்தது. ஒரு அம்மா வாசலில் நின்றபடியே அதைப் பார்த்துவிட்டு, "இன்னா இது, செருப்புக் காலோட முகூர்த்தப் பொடவ மேல நடக்கிறீங்க? வேற கடையே இல்லியா இந்த ஊர்ல?" என்று திரும்பிப் போய்விட்டாள். சாயந்திரமே சட்டம் வாபஸ். மறுபடியும் எல்லாருக்கும் வெறுங்கால். மண்ணே படாத என் பழைய காலிப்பர் யோசனையும் அந்தச் சேற்றோடு சேர்த்து வாபஸ்.

அன்று செருப்பைக் கழற்றும்போது அக்கா என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"உனக்கு வேணும்னா நீ போட்டுக்கோயேன்டி. என்ன எதுக்கு இழுக்கிற? காலெல்லாம் வேத்து, ச்சீ!"

"நானா இழுத்தேன்? அவுரு சொன்னாரு."

"அவுரு சொல்லுவாரு. எல்லாம் உன்னாலதான" என்று முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டாள். அவள் சொன்னதில் முதல் பாதியை நான் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. எனக்கு இருந்த எரிச்சலில் பின்பாதி மட்டும்தான் விழுந்தது.

அதன் பிறகு நான் கேட்பதை விட்டுவிட்டேன். அடுத்த தை வரைக்கும்தான் புடவைப் பகுதி, அப்புறம் படிக்கட்டு அடி என்று மனசைத் தயார் செய்துகொண்டேன். தயாராகவில்லை. வீட்டில் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன்.

ஐப்பசியில் தீபாவளிக் கூட்டம் முடிந்து கடை கொஞ்சம் மூச்சு விட்டபோது, வெள்ளை விரிப்பில் சிவப்புப் புள்ளிகள் தெரிந்தன. முதலாளி குனிந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"சாயம் போவுதும்மா! எந்தப் பொடவன்னு பாரு!"

புதிதாக வந்திருந்த சிவப்புக் காட்டன் கட்டின் மேல் சந்தேகம். கட்டு முழுவதையும் தனியாக ஒதுக்கினோம். அனுப்பிய மொத்த வியாபாரிக்கு முதலாளி போன் போட்டு, "இன்னா சரக்கு அனுப்பிக்கிறீங்க? என் மெத்தையே நாசமாப் போச்சு" என்று கத்தினார். வியாபாரி அந்தப் பக்கம் குலதெய்வத்தின் மேல் சத்தியம் செய்தார். நானும் அக்காவும் வாளியில் தண்ணீர் வைத்து ஒவ்வொரு புடவையாக முந்தானையை முக்கிப் பார்த்தோம். ஒரு சொட்டுச் சாயம் இறங்கவில்லை. விரிப்பை மாற்றினோம். மறுநாள் புது விரிப்பிலும் புள்ளிகள்.

நான் தரையைப் பார்த்தபடி நடக்கிறவள். அதனால் எனக்குத்தான் அது தெரிந்தது. புள்ளிகள் புடவை அடுக்குப் பக்கமே போகவில்லை. கல்லாவிலிருந்து கிளம்பி, சாமி படம் வரைக்கும் போய், திரும்பக் கல்லாவுக்கு வந்திருந்தன.

"மொதலாளி, கால தூக்குங்க" என்றேன்.

"எதுக்கும்மா?"

"தூக்குங்க சொல்றேன்."

சிரித்துக்கொண்டே இடது காலைத் தூக்கினார். விரலுக்குக் கீழே உள்ளங்காலில் ஒரு குண்டூசி தலை வரைக்கும் இறங்கியிருந்தது. புதுப் புடவைகளில் குத்திவரும் ஊசிதான். பிரிக்கும்போது தரையில் விழும், எங்களுக்குக் குத்தினால் 'ஆ' என்று கத்திவிட்டு எடுத்துப் போடுவோம். அவருக்கு அது எப்போது ஏறியது என்றே தெரியவில்லை. சுற்றிலும் கருநீலமாக வீங்கியிருந்தது. "வலிக்கவே இல்லியே" என்றார் குழந்தை மாதிரி.

அவரைப் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். புண்ணைக் காப்பாற்றப் பார்த்து, முடியாமல், கடைசியில் ஒரு விரலை எடுத்துவிட்டார்கள். அவர் வருவதற்குள் மார்கழி பாதி ஆகிவிட்டது. சுகரில் காலுக்கு உணர்ச்சி போய்விட்டது, இனிமேல் வீட்டுக்குள்ளேகூட வெறுங்காலில் ஒரு அடி வைக்கக் கூடாது, இன்னொரு தடவை இப்படி ஆனால் பாதமே போய்விடும் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். சுகர்க்காரர்கள் போடுகிற மெத்தென்ற கறுப்புச் செருப்பு ஒரு ஜோடி வாங்கிக் கொடுத்திருந்தார்கள்.

அவர் கடைக்கு வந்த அன்று நாங்கள் எல்லோரும் வாசலுக்கு வந்தோம். கூடவே அவருடைய வீட்டம்மா. ஆட்டோவிலிருந்து இறங்கி, அந்தக் கறுப்புச் செருப்போடு மெதுவாகப் படி ஏறினார். பலகைக்கு முன்னால் நின்றார். குனிந்து செருப்பின் பட்டையை அவிழ்க்க ஆரம்பித்தார்.

"இன்னாங்க பண்றீங்க? டாக்டர் இன்னா சொன்னாரு?" என்று வீட்டம்மா பதறிப்போனார்.

"கடைல எல்லாருக்கும் ஒரே சட்டம். நானே போட்டுக்கினு போனா நாளைக்கி யாரு மதிப்பாங்க?"

"உங்க சட்டத்துல தீய வைக்க!"

"நீ சும்மா இரு. நான் இந்தப் பொண்ணையே போட வேணாம்னு சொன்னவன். எனக்கு மட்டும் ஒரு ஞாயமா?"

என்னைக் காட்டித்தான் சொன்னார். எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்தது என்று தெரியவில்லை. இத்தனை வருடமாகத் தொடையில் ஊன்றிய கை மரத்துப்போனதெல்லாம், இந்த ஆள் தன் பாதத்தையும் கொண்டுபோய் அதே குழியில் போடுவதற்காகவா? தனக்கென்று ஒரு சலுகை எடுத்துக்கொள்கிற கள்ளனாக இருந்தால்கூட மன்னித்திருப்பேன். இவர் நேர்மையாக இருந்தே எங்கள் இரண்டு பேரையும் முடமாக்கிவிடுவார் போல இருக்கிறதே என்று பற்றிக்கொண்டு வந்தது. நான் கையைத் தொடையில் ஊன்றிக்கொண்டே படி வரைக்கும் வந்துவிட்டேன்.

"மொதலாளி, நிறுத்துங்க. அக்காவுக்கும் சுகர்தான், ஆனா வெறுங்கால்ல நடந்தா ஊசி குத்துனது தெரியும், எடுத்துப் போட்டுடும். நீங்க வெறுங்கால்ல நடந்தா உங்க கால் அழுவிப் போவும். நான் வெறுங்கால்ல நடந்தா விழுவேன். மூணு பேருக்கும் வெறுங்காலுன்னு வச்சா அது எப்படி ஒரே மாதிரி ஆவும்? சொல்லுங்க. எப்படி ஆவும்?"

பஜாரே திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

"எனக்கு மட்டும் வேணும்னுதான் கேட்டேன். ஆமா, எனக்கு மட்டுந்தான் வேணும். அவங்களுக்கு எதுக்குச் செருப்பு? அவங்க கேட்டாங்களா?"

"இல்லம்மா... மத்தவங்க மனசு கஷ்டப்படும்னு..." என்று அவர் இழுத்தார். ஒரு கை செருப்புப் பட்டையில், ஒரு கை கதவில்.

அப்போது அக்கா பின்னாலிருந்து முன்னால் வந்தாள்.

"ஐய, எங்க மனசு எங்க கஷ்டப்பட்டுது மொதலாளி? நீங்களா சொல்லிக்கிறீங்க. எங்கள நீங்க ஒரு நாளாவது கேட்டீங்களா? அவ போட்டுக்கினு நடந்தா எங்களுக்கு இன்னா வந்துது? தெனம் அவ தடுமாறி வரும்போது எங்க மேல வுழுந்துடப் போறாளேன்னு நாங்கதான் பயந்துக்கினு இருக்கிறோம்" என்றாள். "அவளும் போட்டுக்கட்டும், நீங்களும் போட்டுக்குங்க. எனக்குச் செருப்பு வேணாம். எனக்கு டீல சக்கர வேணாம், அவ்ளோதான். அதையும் இத்தினி வருசமா யாரும் கேக்கல."

மற்ற பெண்களும் தலையாட்டினார்கள். 'மத்தவங்க கேப்பாங்க' என்று அவர் இத்தனை வருடம் பயந்த அந்த மற்றவர்கள் இவர்கள்தான். இவர்களுக்கு என் காலிப்பர் ஒரு விஷயமே இல்லை. யாரும் எதையும் ஒருநாளும் கேட்கப்போவதாக இல்லை. அதை நினைத்தபோது கோபத்தைவிட அழுகைதான் அதிகமாக வந்தது. அங்கேயே, படியிலேயே, கொஞ்சம் அழுதும் விட்டேன்.

முதலாளி தன் காலைப் பார்த்தார். பிறகு அவிழ்த்த பட்டையை மறுபடியும் ஒட்டினார். வீட்டம்மா ஒரு துணியை நனைத்துக்கொண்டு வந்து அந்தச் செருப்பின் அடியைத் துடைத்துவிட்டார். அவர் மெத்தையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, செருப்புக் காலோடு உள்ளே ஏறினார். ஏறும்போது உடம்பு கூசியது எங்களுக்கே தெரிந்தது. சாமி படத்தில் இருந்த மகாலட்சுமி கோபித்துக்கொண்டு எழுந்து போய்விடவில்லை.

மறுநாள் பழைய காலிப்பரைப் புது அடியோடு கொண்டுவந்தேன். உள்பக்கம் ஒரு அலமாரித் தட்டைக் காலி செய்துவிட்டார்கள். மேல் தட்டு அவருடைய கடைச் செருப்புக்கு, கீழ்த் தட்டு என் காலிப்பருக்கு. ஒரு நாற்காலியில் உட்கார்ந்து வாரை இறுக்கி, எழுந்து நின்று பூட்டைத் தட்டிவிட்டேன். டக் என்று விழுந்தது. அந்தக் கடையில் முதல்முறையாக நிமிர்ந்து நின்றேன். எதிர்ச் சுவரில் மேலே இருக்கும் கடிகாரத்தை நின்றபடியே பார்த்தது அன்றைக்குத்தான். ஒரு மாம்பழ மஞ்சள் பட்டுப்புடவையை இரண்டு கையாலும் எடுத்து, கடை மெத்தையின் பாதி நீளத்துக்கு ஒரே வீச்சில் விரித்துப் போட்டேன். வாங்க வந்தவர்கள் யாரும் இல்லை. சும்மா எனக்காகப் போட்டேன். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அக்கா சர்க்கரை இல்லாத டீயைக் குடித்தபடியே, "போதும்டி, யாரு மடிக்கிறது?" என்றாள்.

தை வந்தது. நான் படிக்கட்டு அடிக்குப் போகவில்லை. அந்தப் பேச்சையே யாரும் எடுக்கவில்லை. முதலாளி மட்டும் ஒருநாள், பெரிய கண்டுபிடிப்பு மாதிரி என்னிடம் வந்து சொன்னார்:

"பாத்தியாம்மா, இப்பவும் எல்லாம் சமந்தான். எனக்கும் ஒண்ணு உள்ள இருக்குது, உனக்கும் ஒண்ணு உள்ள இருக்குது."

அந்த மனுஷனிடம் இன்னொரு தடவை வாதம் செய்ய எனக்குத் தெம்பு இல்லை. எனக்கும் ஒன்று கிடைக்க அவருக்கு ஒரு விரல் போக வேண்டியிருந்தது என்று சொன்னால், உட்கார்ந்து அதற்கும் ஒரு சமக் கணக்குப் போட ஆரம்பித்துவிடுவார்.

சித்திரையில் ஒரு புதுப் பெண் வேலைக்குச் சேர்ந்தாள். இடது காது கேட்காது. சேர்ந்த அன்றே வாரா வாரம் இடம் மாற வேண்டும் என்ற முறையை அவளுக்குச் சொன்னார்கள். அவள் தயங்கித் தயங்கிக் கல்லாவுக்கு வந்தாள். நான் பக்கத்தில் நின்றிருந்தேன்.

"ஐயா, எனக்கு எடம் மாத்தாம இருந்தா நல்லா இருக்கும். இந்தப் பக்கம் யாரு பேசனாலும் கேக்காது. செவுத்து ஓரம் இருந்தா எல்லாரும் நல்ல காதுப் பக்கம் வருவாங்க. எனக்கு மட்டும்..."

அந்த 'எனக்கு மட்டும்' என்ற சொல்லிலேயே அவள் குரல் உள்ளே போய்விட்டது. முதலாளி வாயைத் திறந்தார். அந்த வாயிலிருந்து என்ன வரப்போகிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்து, கறுப்புச் செருப்புக்குள் இருந்த அவருடைய இடது காலைப் பார்த்தேன். நன்றாக, அவருக்குத் தெரியும்படி, பார்த்தேன்.

அவரும் குனிந்து பார்த்தார். வாய் மூடியது. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"எந்த எடம்மா உனக்குத் தோது?" என்று அவளிடம் கேட்டார்.

அவள் சுவர் ஓரத்தைக் காட்டினாள். இவ்வளவுதான் விஷயம். காலிப்பரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு நான் வாசற்படியில் உட்கார்ந்திருந்த அந்த முதல் நாளில், இதே கேள்வியை யாராவது என்னிடம் கேட்பார்களா என்றுதான் கொஞ்ச நேரம் எழுந்திருக்காமல் காத்திருந்தேன்.